வெறும் வயிற்றில் அரை மணி நேரம்

என் வீட்டுக்காரி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். இந்த வட்டாரத்தில் யாருக்கு எங்கே வலித்தாலும் அவளுக்குத் தெரியும். யாருக்கு மூட்டு, யாருக்கு மூலம், எந்த வீட்டில் யார் இரவில் இருமுகிறார் எல்லாம் அத்துப்படி. எனக்குச் சில மாதமாக நெஞ்சு எரிந்தது. அது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. எரிச்சலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை.

சொன்னால்தானே தெரியும் என்பீர்கள். சொல்ல மாட்டேன். கேட்டு வாங்குகிற அக்கறையும் இரவல் வாங்குகிற குடையும் ஒன்று. அவளாகப் பார்க்க வேண்டும், அவளாகக் கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை கேட்டாள். அதுவும் துணிக்கு இஸ்திரி போட்டபடி, முதுகைக் காட்டிக்கொண்டு, "என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். ஒரு புருஷன் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதற்கு ஒன்றுமில்லை என்றா அர்த்தம்? இன்னொரு முறை கேட்டால் சட்டை தேய்ந்தா போய்விடும்? அவள் பாட்டுக்கு அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

இதுவே அவள் கடைக்கு வருகிற அந்த வயலின் வாத்தியாராக இருந்தால் பத்து முறை கேட்டிருப்பாள்.

என் தொழில் பம்பு ரிப்பேர். அடுக்குமாடிக் கட்டடங்களில் கீழ்த்தொட்டியிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களுக்கெல்லாம் நான்தான் வைத்தியன். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை இருக்கிற கட்டடமும் என் பொறுப்புதான். கடைக்குப் பின்னால் பம்பு அறை. நடுவில் ஒரே சுவர், சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஒரு சின்ன ஜன்னல். மோட்டார் ஓடுகிற இரைச்சலில் அந்தப் பக்கம் பேசுவதில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் யார் குரல், எந்த மாதிரிக் குரல் என்பது தெரியும். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்பவன் நான். பெண்டாட்டி குரல் தெரியாதா?

அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. அவசரமே இல்லாத குரல். எதிரில் இருப்பவனுக்குப் புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிற குரல். இடையிடையே வாத்தியார் ஏதோ கேட்பார், அவள் சொல்வாள், அவர் சிரிப்பார், இவளும் சிரிப்பாள். வீட்டில் என்னோடு பேசுவது என்ன? கேஸ் தீர்ந்துபோச்சு, குழாய் சொட்டுது, சாவி எங்கே. ஊருக்கு வெல்லம், வீட்டுக்கு வேப்பிலை.

வாத்தியாரை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். ஒல்லி, மடிப்புக் கலையாத சட்டை, நீள நீளமாக விரல்கள். அந்த விரல்களால் எந்த நட்டையும் திருகியிருக்க மாட்டார். காலையில் கடை திறந்ததும் டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் வெளியே வரும்போது அவர் கையில் மருந்துப் பெட்டி இருந்தது. நெஞ்செரிச்சல் மருந்து. பெட்டியின் மேல் பேனாவால் ஒரு படம்: பாதி எழுந்த சூரியன், பக்கத்தில் ஒரு காலித் தட்டு. என் வீட்டுக்காரி வரைந்தது. அந்தச் சூரியனுக்குக் கதிர்களெல்லாம்கூடப் போட்டிருந்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு அவள் ஒரு கோடு கிழித்துக் கொடுத்ததில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவருக்கும் நெஞ்செரிச்சல், எனக்கும் நெஞ்செரிச்சல். அவருக்குச் சூரியன், எனக்கு இஸ்திரிப் பெட்டியின் புகை. இதை வயிற்றெரிச்சல் என்று சொல்லி யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு அவள் அலட்சியம்தான் தெரிந்தது. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தை முன்னால் தள்ளிவிட்டாள். வேலை முடிந்து கை கழுவுவதற்குள் தட்டு தயாராக இருந்தது. சீக்கிரம் போட்டுவிட்டு அடுப்படியை ஏறக்கட்டிவிடத்தான் என்று நினைத்துக்கொண்டேன். காபி தண்ணீராகிவிட்டது. எண்ணெயில் பொரித்ததைக் கண்ணில் காட்டுவதில்லை. மெத்தையும் சரியில்லை. காலையில் கண் விழித்தால் தலையணையை விட்டுச் சரிந்து கால்மாட்டுப் பக்கம் கிடந்தேன். புது மெத்தை வாங்கலாம் என்றால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாதற்குக் கட்டிலில் இடம் மாறிப் படுக்கச் சொன்னாள். ஜன்னல் காற்று தனக்கு வேண்டுமாம். அன்றைக்கே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இடம் மாறினேன், ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் சுவர்தான்.

எரிச்சலும் அன்றிலிருந்துதான் கூடியது. படுத்தால் புளிப்பாக ஏதோ தொண்டைவரை ஏறி வந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. கருவிப் பையில் ஸ்பேனர்களுக்கு நடுவே இளஞ்சிவப்பு மருந்துப் பாட்டில் ஒன்றை வைத்திருந்தேன். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கும். எரியும்போது இரண்டு மடக்கு குடித்தால் உடனே அடங்கும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரியும். இது வழிந்த தண்ணீரைத் துடைக்கிற வேலை என்று எனக்கே தெரிந்தது. அதனால் பேருந்து நிலையத்துப் பக்கம் போய், என்னை யாருக்கும் தெரியாத ஒரு கடையில், வாத்தியார் வைத்திருந்த அதே பெயரைச் சொல்லி வாங்கினேன். அங்கே இருந்தவன் சூரியனும் வரையவில்லை, சந்திரனும் வரையவில்லை. அட்டையைக் கிள்ளி என் முன்னால் போட்டான்.

எப்போது போட வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? தொட்டி வழியும்போதுதான் மோட்டாரை நிறுத்துவார்கள். சாப்பிட்டு முடித்து, நன்றாக எரிய ஆரம்பித்ததும் ஒன்றை விழுங்கினேன். ஒரு பயனும் இல்லை. மறுநாளும் இல்லை. வேலை செய்யாத எதையும் பிரித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. மாத்திரைக் கூட்டை இரண்டாகப் பிரித்தேன். உள்ளே கடுகைவிடச் சின்னதாக வெள்ளை மணிகள். ஒவ்வொன்றின் மேலும் ஏதோ பூச்சு. அடடா, இங்கேதான் அடைப்பு என்று தோன்றியது. துருப்பிடித்த நட்டின் மேல் பெயிண்டு இருந்தால் சுரண்டிவிட்டுத்தானே ஸ்பேனர் போடுகிறோம்? ஸ்பேனரின் பின்பக்கத்தால் மணிகளை நசுக்கிப் பொடியாக்கித் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். பிறகு தினமும் அப்படியே. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். எரிச்சல் குறையவில்லை.

கடைசியில் ஒரு நாள் காலை அதே பம்பு அறையில் குனிந்து, ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குழியிலிருந்து நெருப்பு எழும்பி மூக்கு வரை வந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பையில் பாட்டில் காலி. சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது. நான் இங்கே செத்தாலும் அவள் அங்கே யாருக்கோ தட்டு வரைந்துகொண்டிருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து வந்தன. சரி, உன் வீட்டுக்காரனுக்குக் கிடைக்காதது உன் வாடிக்கைக்காரனுக்குக் கிடைக்கிறது என்றால் நானும் வாடிக்கைக்காரனாகவே வருகிறேன். கையைத் துடைத்துக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் போய், டோக்கன் எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்த டோக்கனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? வயலின் வாத்தியார்.

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு நொடி முகம் மாறியது, பிறகு சரியாகிவிட்டது.

"யாருக்கு மருந்து?" என்றாள்.

"எனக்குத்தான். நெஞ்செரிச்சல். எல்லாருக்கும் சொல்ற மாதிரி முழுசாச் சொல்லணும். ஒண்ணும் குறைக்கக் கூடாது."

அவள் சரி என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்விகளை ஆரம்பித்தாள். படியேறும்போது வலிக்கிறதா, வலி கைக்கோ தாடைக்கோ போகிறதா, விழுங்கும்போது தொண்டையில் சிக்குகிறதா, எடை குறைந்திருக்கிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா. கடைசிக் கேள்வியை வாத்தியார் காதில் விழும்படி கேட்டாள். இல்லை இல்லை என்று தலையாட்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி என்னைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது.

இதுவரை என்ன சாப்பிட்டேன் என்று கேட்டாள். பாட்டிலைச் சொன்னேன். மாத்திரையையும் சொன்னேன். நசுக்கிக் குடித்ததை மென்று விழுங்கித்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்தப் பூச்சுதான் அந்த மருந்துக்குக் குடை," என்றாள். "வயித்து அமிலத்துல நனைஞ்சா மருந்து அங்கேயே வீணாப் போயிடும். அது பத்திரமா குடல் வரைக்கும் போய்க் கரைஞ்சு, ரத்தத்துல கலந்து, சுத்திக்கிட்டு வந்து பின்பக்கமாத்தான் பம்பைப் பிடிக்கணும். நீங்க குடையைப் பிடுங்கிட்டு மழையில அனுப்பியிருக்கீங்க."

பம்பு என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் மோட்டார் இரைச்சலில் புரியாமல் போன பேச்சு இப்போது வார்த்தை வார்த்தையாகக் காதில் விழுந்தது. வயிற்றின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத பம்புகள் கணக்கில்லாமல் இருக்கின்றனவாம். அமிலத்தை உள்ளே இறைப்பது அவைதானாம். அவற்றை ஓட்டச் சொல்லி மூன்று ஒயர்கள் வருகின்றன. ஒரு வகை மாத்திரை அதில் ஒரு ஒயரை மட்டும் வெட்டும். சீக்கிரம் கேட்கும், ஆனால் மற்ற இரண்டு ஒயர்கள் இருக்கின்றன, நாளாக ஆக உடம்பும் அதற்குப் பழகிவிடும். இந்த மாத்திரை ஒயரைத் தொடாது, நேராகப் பம்பையே போய்ப் பூட்டிவிடும்.

"ஆனா ஓடுற பம்பைத்தான் பூட்டும், தூங்குற பம்பை விட்டுடும். சாப்பாடு வந்தாத்தான் பம்பெல்லாம் முழிக்கும். அதனால மருந்து முன்னாடியே போய்க் காத்துக்கிட்டு நிக்கணும். வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி. முதல் நாளே எல்லாம் மாட்டாது. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மாட்டும். அவசரப்படக் கூடாது. ரொம்ப நாள் சாப்பிட்டுட்டு டக்குனு நிறுத்தவும் கூடாது, தூங்கின பம்பெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்துல ஓடும்."

ஓடுகிற பம்பு, தூங்குகிற பம்பு. யாருடைய பேச்சு இது? என்னுடைய பேச்சு. கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு மேல்தான் தண்ணீர்த் தொட்டி. சாயங்காலங்களில் அதன் விளிம்பில் உட்கார்ந்து, கீழே இருக்கிற மோட்டார் எப்படித் தண்ணீரை மேலே தள்ளுகிறது, ஏன் சில நாள் காற்றடைத்து நின்றுபோகிறது என்று அவளுக்குச் சொல்வேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி கேள்வி கேட்பாள். புரியாவிட்டால் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பேன். எனக்கு அவசரமே இருந்ததில்லை. எப்போது விட்டேன் என்று நினைவில்லை. இப்போது வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்றால் வாஷர் போயிருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரிப்பேன்.

சுவர் வழியாகக் கேட்டு நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த அந்தக் குரல், ஒரு காலத்தில் நான் அவளிடம் பேசிய குரல்.

அதை ஒப்புக்கொள்கிற மனநிலையில் நான் அப்போது இல்லை. தொழில்காரன் ரோஷம் தலைதூக்கியது. கோளாறு பம்பில் இல்லையே என்றேன். உணவுக்குழாய்க்கு அடியில் இருக்கிற வால்வு சரியாக மூடாததால்தானே மேலே ஏறுகிறது? வால்வு ஒழுகினால் வால்வை மாற்றாமல் எவனாவது பம்பை நிறுத்துவானா?

பின்னால் வாத்தியார் லேசாகச் செருமினார். "அப்போ நீங்கதான் பம்புக்காரரா?" என்றார். "இவங்க எதைச் சொன்னாலும் 'எங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. வீட்டுல எனக்குப் பேச ஆளில்லை. அதனால மறந்துட்ட மாதிரி மறுபடி மறுபடி வந்து கேப்பேன்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள்.

"நீங்க சொல்றது சரிதான். இந்த மருந்து வால்வைச் சரி பண்ணாது. மேல ஏறி வர்றதுல அமிலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வால்வுக்கு வேற வேலை செய்யணும். படுக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே சாப்பிட்டுடணும். காபியைக் குறைக்கணும். பொரிச்சதை நிறுத்தணும். கட்டில் தலைமாட்டு காலுக்கு அடியில கட்டை வெச்சு உயர்த்தணும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"கட்டை வெச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கையில ரசமட்டம் வெச்சுக்கிட்டு ஊர்ல எல்லார் வீட்டு மோட்டாரும் நேரா இருக்கான்னு பார்க்கிறீங்க. நம்ம கட்டில் சாஞ்சிருக்கிறது தெரியலை. மெத்தை சரியில்லைங்கிறீங்க."

என் காது சூடாகிவிட்டது. உனக்கு எப்படித் தெரியும் என்று முணுமுணுத்தேன்.

"மீசையில இளஞ்சிவப்பா ஒட்டிக்கிட்டு வந்து நின்னா தெரியாதா? கேட்டேன். ஒண்ணுமில்லைன்னீங்க. சரி, மனுஷனுக்குச் சொல்லப் பிடிக்கலை, செய்யறதைச் செய்வோம்னு செஞ்சேன்." அவள் குரல் இறங்கியது. கடைக்காரக் குரல் போய் வேறு ஏதோ வந்தது. "இடது பக்கமாப் படுத்தா மேல ஏறாது. அதான் இடம் மாறிப் படுக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் படுத்து என்னைப் பார்த்துத் திரும்பினா, அதுதான் இடது பக்கம். நீங்க அன்னையிலேருந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு வலது பக்கம் படுக்கிறீங்க."

பம்பு அறையில் நான் அணைக்காமல் விட்டுவந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று ஊரில் சொல்வார்கள். ஆத்திரக்காரனுக்கு எரிச்சலும் இரட்டை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இத்தனை மாதமாக இருப்பதால் டாக்டரையும் பார்த்தாக வேண்டும், வேலை முடிந்ததும் சேர்ந்து போகலாம் என்றாள். ஒரு பெட்டியை எடுத்தாள், மேலே ஒன்றும் எழுதாமல் என் பக்கம் தள்ளினாள். அடுத்த எண்ணைக் கூப்பிடக் கையைத் தூக்கினாள்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சூரியன் இல்லை. தட்டு இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. இவ்வளவு கேட்ட பிறகும் எனக்கு மறுபடி சுருக்கென்றது. வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"அவருக்கு வரைஞ்சு கொடுத்தே. எனக்கு ஏன் வரையலை?"

அவள் என்னை ஒரு அசட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"தனியா இருக்கிறவங்களுக்கும் மறந்துபோறவங்களுக்கும் வரைவேன். உங்களுக்கு எதுக்கு? நான்தானே எழுப்பிக் கொடுக்கப்போறேன்."

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றிரவு நான் சுவரைப் பார்க்கவில்லை. அவள் பக்கம் திரும்பிப் படுத்தேன். நேருக்கு நேர் பார்க்க முதலில் கூச்சமாக இருந்தது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம்.

காலையில் தோளைத் தொட்டு எழுப்பினாள். ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணீர். பிரிக்காமல், நசுக்காமல் முழுசாக விழுங்கும்வரை காவல்காரி மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அரை மணி நேரம். எனக்குச் சாப்பாடு இல்லை, காபி இல்லை. அவளும் எனக்காகத் தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார என்னால் முடியாது. கருவிப் பையை எடுத்துப்போய்ச் சொட்டுகிற குழாயைக் கழற்றினேன். அவள் பக்கத்தில் வந்து நின்று, இவ்வளவு சின்ன ரப்பர் தேய்ந்ததற்கா இவ்வளவு தண்ணீர் வீணாகிறது என்று கேட்டாள். வாஷரை அவள் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சொன்னேன். புரியவில்லை என்றாள். வேறு விதமாகச் சொன்னேன்.

இதே நேரத்துக்கு வயலின் வாத்தியாரும் மாத்திரையை விழுங்கிவிட்டுக் காலித் தட்டுக்கு முன்னால் காத்திருப்பார். இத்தனை நாள் அவரை நினைத்தாலே பல்லைக் கடித்தவன் நான். இன்று கொஞ்சம் பாவமாக இருந்தது. இருந்தாலும் என் அரை மணி நேரத்தை யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை. அந்தச் சூரியனை அவரே வைத்துக்கொள்ளட்டும்.